யாருடைய மதியம்?

ஏப்ரல் கடைசி வாரத்தில் பெங்களூரில் ஒரு நாள், நண்பகல் 12.17 வாக்கில், நட்டு வைத்த கம்பத்துக்கு நிழல் விழாது. சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும். 24 அல்லது 25-ஆம் தேதி இது நடக்கும். ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி இன்னொரு முறையும் வரும், ஆனால் அது மழைக்காலம், பெரும்பாலும் மேகம் மறைத்துவிடும். வானியல் ஆர்வம் உள்ளவர்கள் மொட்டை மாடியில் பாட்டிலையும் குச்சியையும் நிறுத்தி வைத்துப் படம் எடுப்பார்கள். கல்லூரி விடுமுறையில் இருக்கிற எனக்கு அந்த நேரம் வேறொரு கேள்வியைக் கொண்டுவருகிறது. இந்த வெயிலில், கையில் காசில்லாமல், யாருக்கும் பதில் சொல்லாமல், ஒரு பெண் எங்கே போய் இரண்டு மணி நேரம் உட்கார முடியும்?

பிரேசர் டவுனில் பிறந்து வளர்ந்தவள் நான். பி.ஏ. வரலாறு, இரண்டாம் ஆண்டு முடித்திருக்கிறேன். எம்.எம். ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் மாடி வீடு, இரண்டே அறை. அப்பா, அம்மா, தம்பி, ஆயா, நான். எல்லோரும் எம்.எம். ரோடு என்று சொல்லும் தெருவை ஆயா மட்டும் இன்னும் மாதவராய முதலியார் ரோடு என்று முழுசாகச் சொல்வாள். எங்கள் ஆட்கள் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். 1809-ல் ஆங்கிலேயர் இங்கே கண்டோன்மெண்ட் அமைத்தபோது, படையின் பின்னாலேயே தமிழ் பேசும் சமையல்காரர்களும் வண்ணார்களும் கொத்தனார்களும் மளிகைக்காரர்களும் வந்தார்கள். 1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வந்தபிறகு இன்னும் நிறையப் பேர். அந்த வரிசையில் எங்கேயோ எங்கள் குடும்பமும் நிற்கிறது.

விடுமுறை எல்லோருக்கும் ஒன்றாக வருவதில்லை என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. பள்ளிக்கூடம் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் மூடினால் மே கடைசியில் திறக்கும். அந்த ஏழு வாரமும் தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் தெருவில்தான். கல்லூரியில் அது போயிற்று. என்னுடையது தன்னாட்சிக் கல்லூரி. ஏப்ரலில் பரீட்சை முடிந்து ஜூனில் திறக்கிறார்கள். எதிர்வீட்டுத் தோழி பல்கலைக்கழகத் தேர்வு எழுதும் கல்லூரியில் படிக்கிறாள். மே முழுக்க அவளுக்கு வகுப்பு. அவளுக்கு விடுமுறை விடும்போது எனக்குப் பாடம் தொடங்கி, மழையும் பிடித்திருக்கும். பெங்களூர் பல்கலைக்கழகத்தை 2017-ல் மூன்றாகப் பிரித்தார்கள். கொரோனா வந்து கால அட்டவணைகளைக் கலைத்துப் போட்டது. 2021-ல் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்தது, நான் சேர்ந்த 2024-ல் கர்நாடக அரசு அதைத் திரும்ப மூன்றாண்டாக்கியது. இத்தனை மாற்றத்தில் யாரும் கணக்கில் எடுக்காத நஷ்டம் ஒன்று உண்டு. ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பெண்களுக்குச் சேர்ந்தாற்போல் ஒரு மாதம் ஓய்வு கிடையாது.

பிளேக் கட்டிய ஊர்

வரலாறு படிப்பதால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம், தினம் நடக்கிற தெருக்கள் எனக்குப் பழையபடி இல்லாமல் போனதுதான். 1898-ல் பெங்களூரைப் பிளேக் தாக்கியது. நெருக்கியடித்த குடியிருப்புகளில் சாவு அதிகம். ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடினார்கள். நோய் அடங்கிய பிறகு, கண்டோன்மெண்ட் நெரிசலைக் குறைக்கப் புதிய குடியிருப்பு ஒன்றுக்குத் திட்டம் போட்டு, 1906-ல் அடிக்கல் நாட்டினார்கள். 1910 வாக்கில் ஊர் உருவானது. மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு இளம் வயதில் ஆசிரியராகவும் காப்பாளராகவும் இருந்த ஸ்டூவர்ட் மிட்ஃபோர்ட் ஃப்ரேசரின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

ஊரை வடிவமைத்த பொறியாளர் ஜே.எச். ஸ்டீபன்ஸ். ஸ்டீபன்ஸ் ரோடு அவர் பெயரில்தான் இருக்கிறது. பிளேக் அண்டாத நகரம் ஒன்றைக் கட்டுவது எப்படி என்று 1914-ல் அவர் புத்தகமே எழுதினார். எலி வளை தோண்ட முடியாத தரை. மனை முழுவதையும் கட்டடமாக்கக் கூடாது. வீட்டுக்கு வீடு இடைவெளி, எல்லா அறைக்கும் வெளிச்சம், அகலமான தெரு, பின்பக்கம் துப்புரவுக்குத் தனிச் சந்து. அந்தக் காலத்து அதிகாரிகள் எல்லாவற்றிலும் நியாயமாக நடந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். மனை வாங்க வசதி இருந்தவனுக்குத்தான் அந்தக் காற்று. அவன் வீட்டில் வேலை செய்தவன் பக்கத்துச் சந்துகளில் முன்னைப் போலவே நெருக்கியடித்துக்கொண்டுதான் வாழ்ந்தான். ஆனாலும் காலி இடம் ஆளைக் காப்பாற்றும் என்று நம்பி எழுப்பிய ஊர் இது. அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன்.

இன்றைக்கு அந்தக் காலி இடங்களுக்குத்தான் விலை அதிகம். ஓட்டு வீடும் முன்வாசல் மாமரமும் இருந்த மனையில் அடுக்குமாடி எழும்புகிறது. கீழ்த்தளம் முழுக்கக் கார். நான் சிறுமியாக இருந்தபோது கிரிக்கெட் ஆடிய தெருமுனையில் இப்போது இரண்டு பக்கமும் வண்டி நிற்கிறது, நடுவில் ஆட்டோ போகவே இடம் போதாது. பாட்டரி டவுன் பக்கம் மெட்ரோவுக்காகப் பூமிக்கடியில் துளை போட்டார்கள். நாகவாரா வரை போகும் அந்தப் பாதை எங்கள் வாழ்க்கைக்குத் தேவையானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மண்ணுக்குக் கீழே இடம் தேடிப் போகிற அளவுக்கு மேலே இடம் தீர்ந்துவிட்டது என்பதும் அதே பாதைதான் சொல்கிறது.

மிச்சமிருப்பது கோல்ஸ் பார்க். காலையில் நடைப்பயிற்சிக்காரர்கள், மாலையில் குழந்தைகள். பெங்களூர்ப் பூங்காக்கள் பல வருடங்களாகக் காலை பத்து மணிக்குப் பூட்டப்பட்டு, மதியத்துக்குப் பிறகுதான் திறந்தன. வெயிலில் நிழல் தேவைப்படுகிற நேரத்தில் நிழல் பூட்டிக் கிடந்தது. 2024 ஜூனில் மாநகராட்சி, காலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை பூங்காக்களைத் திறந்து வைக்கச் சொல்லி உத்தரவு போட்டது. சாதாரண உத்தரவுதான், ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய விஷயம்.

திறந்திருந்தால் போதுமா? மதியம் ஒரு மணிக்குப் பூங்காவுக்குள் போனால் மரத்தடியில் ஆண்கள் படுத்திருப்பார்கள். ஓட்டுநர்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள், வேலை தேடி அலைந்து களைத்தவர்கள். அவர்கள் தூங்கட்டும், அவர்களுக்கும் வேறு இடமில்லை. தூங்கும் ஒரு பெண்ணை மட்டும் நான் அங்கே பார்த்ததே இல்லை. புத்தகத்தோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால், யாருக்காகக் காத்திருக்கிறாள் என்ற பார்வை சுற்றி வரும். "யாராவது வராங்களாம்மா?" என்று கேட்டே விடுவார்கள். மும்பைத் தெருக்களை வைத்து ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் எழுதி 2011-ல் வெளியான ‘ஒய் லாய்ட்டர்?’ என்ற நூல் இதைத்தான் பேசுகிறது. காரணம் சொல்லாமல் தெருவில் நிற்கிற உரிமை பெண்ணுக்கும் உண்டு என்கிறது அது. வகுப்பில் அதைப் படித்தபோது, இதற்கெல்லாமா புத்தகம் என்று பையன்கள் கேட்டார்கள். எங்களில் ஒருத்தியும் அப்படிக் கேட்கவில்லை.

பூஜ்ய டிக்கெட்

எனக்கு வழி திறந்தது பஸ். கர்நாடகத்தில் ‘சக்தி’ திட்டம் 2023 ஜூன் 11-ஆம் தேதி தொடங்கியது. மாநிலத்தில் குடியிருக்கும் பெண்கள் அரசுச் சாதாரணப் பேருந்துகளில் காசு கொடுக்காமல் போகலாம். ஆதாரைக் காட்டினால் கட்டணம் பூஜ்யம் என்று ஒரு டிக்கெட் கிழித்துத் தருவார்கள். சிவாஜி நகர் நிலையத்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன் என்றால், நகரத்தின் ஏதோ ஒரு கோடி வரை போய் அதே வண்டியில் திரும்புவேன். எங்கேயும் இறங்க வேண்டும் என்பதில்லை. பனசங்கரி, யஷ்வந்தபுரம், கே.ஆர். புரம் எல்லாம் எனக்கு இப்படித்தான் பழக்கம். வேலைக்குப் போகும் பெண்களுக்கு இந்தத் திட்டம் செய்த உதவியை எல்லோரும் பேசுகிறார்கள். வேலை எதுவும் இல்லாமல் ஊர் பார்க்கப் போகிற பெண்ணுக்குச் செய்த உதவியை யாரும் பேசுவதில்லை. அதனால் நான் சொல்கிறேன். என் அம்மா இருபது வயதில் பார்க்காத பெங்களூரை நான் பார்த்துவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் கப்பன் பார்க். அங்கே 2023-ன் தொடக்கத்திலிருந்து ‘கப்பன் ரீட்ஸ்’ என்று ஒரு கூட்டம் கூடுகிறது. ஹர்ஷ் ஸ்னேஹான்ஷு, ஸ்ருதி சா இருவரும் தொடங்கியது. பாய், போர்வை விரித்து, ஆளுக்கொரு புத்தகத்தோடு பேசாமல் படித்துவிட்டுப் போவார்கள். உறுப்பினர் கட்டணம் இல்லை, யார் நீ என்று கேட்பதில்லை. அதைப் பார்த்து வெளிநாட்டு நகரங்களிலும் இப்படிக் கூட ஆரம்பித்தார்கள். ஒரு நூறு பேர் படுத்துக் கிடந்து படிக்கிற புல்வெளியில், நானும் படுத்துக்கொண்டு படிக்கலாம். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கூட்டம் எனக்குக் கொடுத்தது அந்தத் தைரியத்தைத்தான்.

மற்றபடி காபிக் கடைகள் இருக்கின்றன. எங்கள் பக்கம் அவற்றுக்குக் குறைவே இல்லை. ஒரு கோப்பைக்குக் கேட்கும் விலையில் எங்கள் வீட்டுக்கு ஒரு வேளைக் காய்கறி வந்துவிடும். குளிர்சாதனமும் வைஃபையும் சேர்த்துத்தான் அந்த விலை, உட்காரும் இடத்துக்கும் சேர்த்து. மாதம் ஒருமுறை தோழிகளோடு போவதோடு சரி.

மூன்றரை மணிக்கு மேல் மாஸ்க் ரோடு விழிக்கும். 1902-லிருந்து இருக்கும் ஆல்பர்ட் பேக்கரி மதியத்துக்குப் பிறகுதான் கதவு திறக்கும். கோவா நானுக்கும் மூளை பஃப்ஸுக்கும் கூட்டம் நிற்கும். எனக்கு அந்தத் தெருவோடு ஒட்டிய விடுமுறை 2019-ஆம் வருடத்தது. அந்த வருடம் ரம்ஜான் நோன்பு மே மாதத்தில் வந்தது. பள்ளி விடுமுறையும் நோன்பும் ஒன்றாகச் சேர்ந்ததால், இரவு பதினொரு மணிக்கும் பிள்ளைகள் தெருவில் ஓடினோம். பக்கத்து வீட்டு பாஜி (உருதுவில் அக்கா) கொடுத்தனுப்பிய ஹலீம் கிண்ணத்தின் வாசனை இப்போதும் நினைவில் இருக்கிறது. சந்திர ஆண்டு சிறியது என்பதால் நோன்பு வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகிறது. இந்த வருடம் மார்ச்சிலேயே, நாங்கள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோதே முடிந்துவிட்டது. இனி மே மாத ரம்ஜான் 2051 வாக்கில்தான் வரும். அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். எந்தத் தெருவில் இருப்பேனோ.

ஜூன் 4-ஐச் சொல்லாமல் இந்த நகரத்துக் கோடையைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. 2025-ல் பெங்களூர் அணி முதல் முறையாக ஐ.பி.எல். கோப்பையை வென்ற மறுநாள், சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் சிக்கி 11 பேர் இறந்தார்கள். உள்ளே 35,000 பேருக்குத்தான் இடம். வெளியே இரண்டு, மூன்று லட்சம் பேர் கூடியதாக முதலமைச்சரே சொன்னார். இறந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். பள்ளி, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் இருந்தார்கள். எங்கள் வகுப்பிலிருந்தும் சிலர் போயிருந்தார்கள், செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தார்கள். "இந்தப் பசங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று அன்றைக்குச் சில பெரியவர்கள் பேசியதை நான் மறக்கமாட்டேன். ஆமாம், வேலை இல்லை, அது விடுமுறை. சந்தோஷப்படுவதற்கு ஓர் இடம் தேடிப் போனார்கள். லட்சக்கணக்கான இளையவர்கள் சேர்ந்து மகிழ இந்த நகரத்தில் என்ன இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்? அவர்களை வரச் சொல்லிவிட்டு, வந்தால் எங்கே நிற்பார்கள் என்று யோசிக்காதவர்களைக் கேட்க வேண்டிய கேள்வியைச் செத்தவர்களிடம் கேட்டது அநியாயம்.

இடத்தைப் போலவே நேரத்துக்கும் நெருக்கடிதான். "லீவுல சும்மாதானம்மா இருக்க, இன்டர்ன்ஷிப் ஏதாவது பண்ணலாமே?" இதைக் கேட்காத அத்தையோ மாமாவோ எங்கள் உறவில் கிடையாது. பட்டப்படிப்பிலேயே பல இடங்களில் இன்டர்ன்ஷிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். போன கோடையில் நானும் விண்ணப்பித்தேன். ஒரு நிறுவனம் இரண்டு மாதம் சம்பளமில்லாமல் வேலை பார்க்கச் சொல்லி, கடைசியில் சான்றிதழுக்கு நானே கட்டணம் கட்ட வேண்டும் என்றது. வீட்டிலிருந்தே செய்யும் வேலை. எங்கள் இரண்டு அறையில் எந்த அறை என்று அவர்களுக்கு என்ன தெரியும்! வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்கு நான் நன்றி சொல்லியிருக்கிறேன்.

எல்லோராலும் வேண்டாம் என்று விட முடியாது. வகுப்பில் ஒருவன் விடுமுறை முழுக்க வாடகை ஸ்கூட்டரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். அடுத்த செமஸ்டர் ஃபீஸுக்கு. மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரைதான் அவனுக்கு ஆர்டர் அதிகம், அதாவது வெயில் உச்சியில் நிற்கிற நேரம். இந்த மாதிரி வேலை செய்கிறவர்களுக்காகக் கர்நாடக அரசு 2025-ல் சட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு டெலிவரிக்கும் தொழிலாளிக்குத் தருகிற தொகையின் மேல் 1 முதல் 5 சதவீதம் வரை நிறுவனங்களிடம் வாங்கி, நல நிதியில் சேர்க்கிற ஏற்பாடு. நல்ல தொடக்கம். அந்த நிதியிலிருந்து தெருமுனைக்கு ஒரு நிழற்கூடமும் குடிதண்ணீரும் வந்தால், அவன் பைக்கின் மேல் படுத்துத் தூங்க வேண்டியிருக்காது.

இதே கண்டோன்மெண்டில், இதே வயதில், மதியங்களை முழுசாகத் தனக்கென்று வைத்துக்கொண்ட ஒருவர் இருந்தார். வின்ஸ்டன் சர்ச்சில். 1896-ல் குதிரைப்படை அதிகாரியாக இங்கே வந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்று. காலையில் அணிவகுப்பு, சாயங்காலம் போலோ. இடையில் வெயில் ஏறிய நேரம் முழுக்க பங்களாவுக்குள் படிப்பு. பல்கலைக்கழகமே பார்க்காத அந்த இளைஞர், தாயார் இங்கிலாந்திலிருந்து பெட்டி பெட்டியாக அனுப்பிய கிப்பனையும் மெக்காலேவையும் பிளேட்டோவையும் நாளுக்கு நாலைந்து மணி நேரம் படித்தார். தன் மொழி நடை அங்கேதான் உருவானது என்பதைச் சுயசரிதையில் அவரே காட்டுகிறார். காலி மதியங்கள் ஒரு மனிதனை என்னவாக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். 1943 வங்கப் பஞ்சத்தின்போது அவர் நடந்துகொண்ட விதத்தை நான் மன்னிப்பதில்லை, அது வேறு கணக்கு.

ஆனால் அந்தச் சுயசரிதையிலேயே இன்னொன்றும் இருக்கிறது. துணி எடுத்துக் கொடுக்க ஆள், குதிரைக்கு ஆள், தோட்டக்காரர்கள், தண்ணீர் சுமப்பவர்கள், வண்ணார்கள், காவலுக்கு ஆள் என்று அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். நான் அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்த வரிசையில் இருந்தவர்கள் எங்கள் ஆட்கள். கிணற்றிலிருந்து அவர்கள் தண்ணீர் சுமந்ததால் அவர் கிப்பன் படித்தார். ஒருவருடைய காலி மதியத்துக்குக் கீழே எப்போதும் இன்னொருவருடைய முதுகு இருந்திருக்கிறது.

வாதாபியும் ஆயாவும்

பள்ளியில் நான் படித்தது ஆங்கிலமும் கன்னடமும். தமிழ் எழுத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஆயா. அதுவும் கோடை விடுமுறை மதியங்களில். தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதச் சொல்வாள். பிறகு சிவாஜி நகர் சுவரொட்டிகளை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்வாள். பெங்களூர்த் தமிழ் வீடுகளில் பேச்சு இருக்கிறது, எழுத்து போய்க்கொண்டிருக்கிறது. என் சித்தப்பா பிள்ளைகள் தமிழ்ப் படம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள், டைட்டிலைப் படிக்க வராது. எனக்கு வருகிறது என்றால், அந்த மதியங்களில் யாரும் என்னை எந்தப் பயிற்சி வகுப்புக்கும் அனுப்பவில்லை என்பதுதான் காரணம். இந்தக் கட்டுரையை நான் தமிழில் எழுதுவதும் அதனால்தான்.

இந்தக் கோடையில் ஆயாவுக்குக் கண் சரியில்லை. இப்போது நான் அவளுக்குப் படிக்கிறேன். அவளிடம் அட்டை கிழிந்த ‘சிவகாமியின் சபதம்’ இருக்கிறது. கல்கி 1944-லிருந்து 1946 வரை தன் வார இதழில் தொடராக எழுதியது. புலிகேசி காஞ்சியை முற்றுகை போடும் இடத்தில் ஆயாவுக்குக் கோபம் வந்துவிடும். "இன்னா ஆளுடி இவன்!" என்பாள். ஆனால் நாங்கள் உட்கார்ந்து படிப்பதே புலிகேசி நகரில்தான். அரசுத் தாள்களில் பிரேசர் டவுனுக்கு அந்தப் பெயர்தான். சட்டமன்றத் தொகுதிக்கும் அதே பெயர். என் கன்னடத் தோழிகளுக்கு இரண்டாம் புலிகேசி, நர்மதைக் கரையில் ஹர்ஷரைத் தடுத்து நிறுத்திய மாவீரன். கி.பி. 634-ல் ரவிகீர்த்தி இயற்றிய ஐஹொளே கல்வெட்டை எங்களுக்குப் பாடமாகவே நடத்தினார்கள். 642-ல் பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் புலிகேசியின் தலைநகர் வாதாபியைப் பிடித்ததும் பாடத்தில் உண்டு. வகுப்பில் ஒரு புலிகேசி, வீட்டில் ஒரு புலிகேசி. இரண்டு பேரையும் தெரிந்து வைத்திருப்பது பெங்களூர்த் தமிழர்களுக்குக் கிடைத்த சொத்து என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

அந்தச் சொத்தைச் சேர்க்க ஆயா தலைமுறை பட்ட பாடும் இருக்கிறது. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது மூன்று நாள் விளக்குப் போடாமல் வீட்டுக்குள் இருந்ததைச் சொல்வாள். அதே வருடம் அல்சூர் ஏரிக்கரையில் திறக்க இருந்த திருவள்ளுவர் சிலை, 18 வருடம் மூடியே நின்றது. 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதி, எடியூரப்பா முதல்வராக இருந்தபோது கருணாநிதி வந்து திறந்து வைத்தார். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. அன்றைக்கு அல்சூர்க் கூட்டத்தில் ஆயாவும் இருந்தாள். ஒன்றும் காதில் விழவில்லையாம், ஆனால் சிலையைப் பார்த்துவிட்டாளாம்.

நான் படிக்க, ஆயா கேட்க, இரண்டு மணி நேரம் போவது தெரியாது. ஒரு நாள் பக்கம் புரட்டும்போது தலையைத் தூக்கினேன். அம்மா தையல் மிஷினில் இருந்தாள். அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். காலை ஐந்தரைக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, மூன்று பேருக்கு டிபன் கட்டி, துவைத்து, மதியச் சமையல் முடித்து, எங்களுக்குப் பரிமாறிவிட்டு உட்கார்ந்தது அந்த மிஷினில். 2024 கோடையில் நகரத்தின் 13,900 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டதாகத் துணை முதல்வர் சொன்ன சமயம், நான் பி.யூ.சி. முடித்துவிட்டு வீட்டில்தான் இருந்தேன். லாரித் தண்ணீருக்கு 6,000 லிட்டருக்கு 600 ரூபாய் என்று அரசு விலை வைத்திருந்தது. லாரி எப்போது வரும் என்று இரவெல்லாம் விழித்திருந்தது அம்மா. நான் காலையில் எழுந்தபோது எல்லாக் குடமும் நிறைந்திருந்தது.

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். அந்த எண்ணை நான் வரலாற்று வகுப்புக்கு ஒரு கட்டுரை எழுதும்போது குறித்து வைத்திருந்தேன். சர்ச்சிலின் வேலைக்காரர் பட்டியலைப் படித்துக் கோபப்பட்டதும் அதே வாரம்தான். என் மதியத்துக்குக் கீழே யார் முதுகு என்று பார்க்க எனக்கு இன்னும் சில வாரங்கள் தேவைப்பட்டன.

மே முதல் வாரத்திலிருந்து மதியச் சமையலும் பாத்திரமும் என்னுடையவை, தண்ணீர் பிடிப்பது தம்பியுடையது. தம்பி முதலில் முரண்டு பிடித்தான், பிறகு பழகிவிட்டான். என் சாம்பாரைப் பற்றி ஆயா, "உப்புதான்டி தெரியுது" என்கிறாள். அம்மாவுக்குப் பன்னிரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை வேலை கிடையாது என்று சொல்லிவிட்டோம். முதல் நாள் அந்த நேரத்திலும் ஜாக்கெட் தைத்தாள். இரண்டாம் நாள் அலமாரியைக் கலைத்து அடுக்கினாள். "எனக்கு ஒண்ணும் தோணலடி, போய்ட்டு எங்க உக்காரச் சொல்ற?" என்றாள். பூஜ்ய டிக்கெட் எடுத்து இரண்டு பேரும் லால்பாக் போய்வந்தோம். மரத்தடியில் உட்கார்ந்ததும், தன் கல்யாணத்துக்கு முன்னால் பத்தாம் வகுப்பு லீவில் வேலூரில் தோழிகளோடு கோட்டை அகழி ஓரம் சுற்றிய கதையைச் சொன்னாள். அவளுக்கு அப்படி ஒரு கோடை இருந்தது என்பதே எனக்குத் தெரியாது.

போன வியாழக்கிழமை பக்கத்து வீட்டு பாஜியோடு அல்சூர்ப் பக்கம் ஒரு தியேட்டருக்கு மதியக் காட்சி போனாள். நான் கேட்கவில்லை, அவளாகவே கிளம்பினாள். நல்ல புடவை, கைப்பையில் தண்ணீர் பாட்டில். நாலரை மணிக்கு வந்தாள். படம் எப்படிம்மா என்றேன். இடைவேளை வரைக்கும் நன்றாக இருந்தது, அதற்கப்புறம் இழுத்துவிட்டார்கள் என்றாள். அடுத்த வாரம் என்ன படம் ஓடுகிறது என்று பார்த்து வைக்கச் சொல்லியிருக்கிறாள்.